தோற்றவர்கள் அச்சடித்த பரணி

கபயாமா சுகெனோரியின் தலை 1895ஆம் ஆண்டு ஷாங்காய்க் கடைவீதியில் விழுந்தது. ஆள் இறந்தது 1922இல், தம் 84ஆவது வயதில். இடைப்பட்ட காலத்தில் அவர் ஜப்பானின் உள்துறை அமைச்சராக இருந்தார், கல்வி அமைச்சராக இருந்தார், பேத்தியைக் கண்டார். அந்தப் பேத்தி ஷிராசு மசாகோ பிற்காலத்தில் ஜப்பானின் பெயர்பெற்ற கட்டுரையாளர் ஆனார். தாத்தாவின் தலை வெட்டப்பட்ட காட்சியோ லண்டனில், பிரித்தானிய நூலகத்தின் சேகரிப்பில், இன்னும் நிறம் மங்காமல் இருக்கிறது. தளபதி லியூ ஜப்பானிய ஆளுநர் கபயாமாவைப் பிடித்துத் தலையை வெட்டும் முழுப்படம் என்பது தாளிலேயே அச்சாகியிருக்கும் தலைப்பு. தைவானில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற சீனத் தளபதி லியூ யோங்ஃபுதான் அந்த லியூ. வரைந்தவர் யாரென்று தெரியாது.

இந்தப் படத்தை நீங்களும் பார்க்கலாம். பிரித்தானிய நூலகமும் ஜப்பான் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த ஆசிய வரலாற்று ஆவண மையமும் சேர்ந்து, 1894-95 சீன-ஜப்பானியப் போரைப் பற்றிய இரு நாட்டு அச்சுப்படங்களையும் இணையத்தில் வைத்திருக்கின்றன. தம் முதல் தைவான் ஆளுநரின் தலை உருளும் படத்தை ஜப்பானிய அரசு நிறுவனமே ஊருக்குக் காட்டுகிறது என்பதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. நூறாண்டு கடந்த வெற்றியாளனுக்கு அது எளிது என்றும் சொல்லலாம்.

வரலாறு கற்பிக்கும் நண்பர் ஒருவருக்கு இதை அனுப்பினேன். "அந்தக் காலத்துப் பொய்ச்செய்தி, அரசாங்கப் பிரச்சாரம், வேறென்ன?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிதான் என்னை விடவில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக வரைந்தது பொய்தான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் யாருடைய பொய்? அந்த மரப்பலகையைச் செதுக்கியவன் தன் மனத்தில் பொய் என்று அறிந்துதான் உளி பிடித்தானா? பரணிக்குத் தோற்றவன் பெயரைச் சூட்டுவது நம் மரபு. பாடுகிறவன் வென்ற பக்கத்துக் கவிஞன். இங்கே தோற்ற பக்கத்தார் வென்றவன் தலையை வெட்டிப் படம் அச்சிட்டு, காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இதை ஒரு வரியில் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

கையெழுத்து உள்ள பொய்கள்

முதலில் பெயரின்மையைப் பார்த்துவிடுவோம். அந்த இணையச் சேகரிப்பில் ஜப்பானியப் படங்களையும் சீனப் படங்களையும் அடுத்தடுத்துத் திறந்தால், ஒரு பக்கம் கலைஞர்களும் மறுபக்கம் கூட்டமும் நிற்பதுபோல் தோன்றும். ஜப்பானியப் பக்கத்தில் கொபயாஷி கியோசிகா, மிசுனோ தோஷிகாதா, ஒகாதா கெக்கோ என்று பெயர்கள், பனியும் தேடுவிளக்கும் கடலலையும் நுட்பமாகத் தீட்டிய மூன்று தாள் காட்சிகள். சீனப் பக்கத்தில் அழுத்தமான கோடுகள், நாடக மேடையில் நிற்பதுபோல் கையைக் காலை விரித்த வீரர்கள், தளபதியின் குடும்பப் பெயர் எழுதிய கொடிகள், ஆளுக்குப் பக்கத்திலேயே பெயர்ச்சீட்டு. பார்க்கிறவர் அறியாமலே ஒரு பக்கத்துக்குக் கலை என்றும் மறுபக்கத்துக்குக் கைவேலை என்றும் பிரித்துவிடுகிறார்.

பெயர் இருந்ததற்குக் காரணம் கலைப்பெருமை மட்டும் இல்லை, சட்டமும்தான். ஜப்பானில் மெய்ஜி பேரரசர் காலத்துப் பதிப்பு விதிகள் வரைந்தவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயர், முகவரி, அச்சிட்ட தேதி எல்லாவற்றையும் தாளில் போடச் சொல்லின. காவல்துறை வந்து கதவைத் தட்ட வசதியாக இருக்க வேண்டும் அல்லவா? அந்த விதியின் தயவால்தான் இன்று நாம் கியோசிகாவின் படங்களை மாதவாரியாக அடுக்கிப் பார்க்கிறோம். ஷாங்காயிலோ அதற்கு அருகிலுள்ள சூசோ நகரிலோ கடைக்காரனுக்கு அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. சிலர் கடைப்பெயரைப் போட்டார்கள், பலர் போடவில்லை. மேலும், ஒரு படம் ஒருவருடைய வேலையும் இல்லை. ஒருவர் கோடு வரைவார், இன்னொருவர் பலகையில் செதுக்குவார், வேறு சிலர் நிறத்துக்கு ஒரு பலகையாக அச்சேற்றுவார்கள். இதில் யார் பெயரைப் போடுவது?

கையெழுத்து இருந்தால் உண்மை கூடும் என்றும் நினைக்க வேண்டாம். 1894 ஜூலை 29 அன்று கொரியாவில் சொங்ஹ்வான் என்ற இடத்தில் நடந்த சண்டையில், குண்டு பாய்ந்த பிறகும் ஊதுகொம்பை உதட்டிலிருந்து எடுக்காமல் இறந்த ஒரு ஜப்பானிய வீரனைப் பற்றிய செய்தி பரவியது. பெயர் ஷிராகாமி கென்ஜிரோ என்றார்கள். பெயர்பெற்ற ஓவியர்கள் அவனை வரைந்தார்கள், கவிதைகள் எழுதப்பட்டன. பிறகு, அவன் வேறு விதமாக இறந்தவன், கொம்பூதியவன் கிகுசி கோஹேய் என்று இராணுவமே திருத்தியது. பள்ளிப் பாடநூல் பல தலைமுறைக்கு கிகுசியைச் சுமந்தது. படங்களில் ஓவியர் கையெழுத்து சரியாக இருந்தது. படத்துக்குள் இருந்த ஆள்தான் மாறிப்போனான்.

அதே சொங்ஹ்வான் சண்டையின் மறுபக்கம் இன்னும் சுவையானது. அங்கே தோற்றுப் பின்வாங்கிய சீனத் தளபதி யே ஷிசாவ், தாம் ஏராளமான ஜப்பானியரைக் கொன்று வென்றதாகச் சீன அரசின் மூத்த அமைச்சர் லீ ஹோங்ஷாங்குக்கு அறிக்கை அனுப்பினார். அரசவை அதை நம்பியது. படைக்கு 20,000 டேல் (அன்றைய சீன எடை அலகு) வெள்ளி பரிசு அறிவித்து, பியோங்யாங்கில் குவிந்திருந்த எல்லாப் படைகளுக்கும் அவரையே தலைமை ஆக்கியது. செப்டம்பர் நடுவில் பியோங்யாங் விழுந்தது. சுவோ பாவ்குய் என்ற தளபதி நின்று போரிட்டு இறந்தார், யே இரவோடு இரவாக வடக்கே ஓடினார். பின்னர் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சொங்ஹ்வானை அடுத்த ஆசான் பகுதியில் சீனா பெருவெற்றி பெற்றதாகக் கடைவீதியில் படங்கள் விற்றபோது, பேரரசரின் ஆணைக்கும் அந்தப் படத்துக்கும் செய்தியளவில் வேறுபாடு எதுவும் இல்லை. படத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் ஆணையையும் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

வாங்கிப் பேச ஒரு படம்

கடைக்காரன் ஏன் இதை அச்சிட்டான் என்பதற்குக் கிடைக்கும் நல்ல சாட்சி ஓர் ஆங்கிலேயர். எர்னஸ்ட் மேஜர் ஷாங்காயில் 1872இல் ஷென்பாவ் நாளிதழைத் தொடங்கியவர். 1884 மே மாதம் தியென்ஷிசாய் என்ற சித்திர இதழைத் தொடங்கியபோது அதன் முன்னுரையில் காரணத்தையும் எழுதினார்: பிரான்சுடன் பகை மூண்டதும் சிலர் போர் வெற்றிப் படங்கள் வரைகிறார்கள், சந்தையில் மக்கள் அதை வாங்கிப் பார்த்துத் தங்களுக்குள் பேசப் பொருளாக்கிக்கொள்கிறார்கள் என்று. விற்பனைக்கு வழி இருக்கிறது என்பதைப் பார்த்து அவர் கல்லச்சு இயந்திரத்துடன் இறங்கினார். வூ யோரு என்ற சூசோ பகுதி ஓவியரை முதன்மை ஓவியராக வைத்துக்கொண்டார். முதல் இதழின் முதல் படமே வடவியட்நாமின் பக் நின் கோட்டைத் தாக்குதல். அந்தக் கோட்டை இரண்டு மாதங்களுக்கு முன்பே பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருந்தது.

மேஜரின் குறிப்பில் எனக்குப் பிடித்தது, மக்கள் படத்தை வாங்கியது பேசுவதற்காக என்ற செய்தி. தேநீர்க் கடையில் விரித்து வைத்து, எழுத்தறிந்தவர் மேலே உள்ள வரிகளைப் படிக்க, மற்றவர்கள் இதை ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் கூடிய பொருள் அது. புத்தாண்டுக்கு வாயிற்காவல் தெய்வங்களையும் அடுப்படித் தெய்வத்தையும் அச்சிட்டு விற்ற அதே பட்டறைகள்தாம் இவற்றையும் போட்டன. சீன அரசை எதிர்த்து எழுந்த தைப்பிங் பெருங்கலகத்தில் சூசோ சீரழிந்த பிறகு அங்கிருந்து தொழிலாளர்கள் ஷாங்காய்க்கு வந்து, பழைய அணிவகுப்புத் திடலை ஒட்டிய தெருவில் கடை வைத்தார்கள். ஆண்டு முழுதும் வேலை வேண்டும். தெய்வம் புத்தாண்டுக்குத்தான் விற்கும், போர் எப்போது வந்தாலும் விற்கும்.

இதில் அரசாங்கம் எங்கே இருக்கிறது? தைவான் படத்தைப் பொறுத்தவரை, நண்பர் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கிறது. 1895 ஏப்ரல் 17 ஷிமொனொசெகி உடன்படிக்கையில் சீனாவை ஆண்ட சிங் அரசு தைவானை ஜப்பானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது, கூடவே 20 கோடி டேல் இழப்பீடும். மே 20 அன்று தீவில் இருந்த அதிகாரிகள் அனைவரும் திரும்பி வர வேண்டும் என்று ஆணை போனது. திரும்ப மறுத்தவர்கள் மே 25 அன்று தைவான் குடியரசு என்று ஒன்றை அறிவித்தார்கள். அதன் தலைவராக்கப்பட்ட தாங் ஜிங்சோங் பத்துப் பன்னிரண்டு நாட்களில் கப்பலேறித் தப்பினார். தெற்கே தைனான் நகரில் எஞ்சி நின்றவர் லியூ யோங்ஃபு. ஆக, லியூ நடத்தியது பேரரசு கைகழுவிவிட்ட போர். அவர் வெல்வதாகப் படம் போடுவது கையெழுத்திட்டுக் கொடுத்த அரசைக் குத்திக்காட்டுவதும்கூட. அப்படிப்பட்ட தாளில் பெயர் போடாமல் விடுவது கடைக்காரனுக்கு வசதியாகவும் இருந்திருக்கும்.

லியூவின் பழைய கணக்கு

இதுவரை சொன்னதெல்லாம் கடைக்காரனை ஓரளவு விடுவிக்கும். படத்தை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது லியூ யோங்ஃபுவின் முந்தைய வாழ்க்கையைப் படித்தபோதுதான்.

லியூ தென்சீனத்து ஏழை. தைப்பிங் காலக் கலகக் கூட்டங்களோடு திரிந்து, சிங் படைகள் நெருக்கியதும் எல்லை தாண்டி வியட்நாமின் வடக்கே போய், கருங்கொடிப் படை என்ற பெயரில் ஆற்று வணிகத்துக்கு வரி வசூலித்து வாழ்ந்தவர். கொள்ளைத் தலைவன் என்றும் சொல்லலாம், வியட்நாம் அரசர் பட்டம் கொடுத்த தளபதி என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. 1873இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் கார்னியே ஒரு சிறு படையோடு ஹனோய் கோட்டையைப் பிடித்தார். டிசம்பர் 21 அன்று கருங்கொடியினர் கோட்டைச் சுவருக்கு வெளியே வந்தார்கள். துரத்திப்போன கார்னியே கொல்லப்பட்டார், தலையும் வெட்டப்பட்டது. பத்தாண்டு கழித்து அதே ஹனோய்க்கு ஆன்றி ரிவியேர் என்ற இன்னொரு கடற்படைத் தளபதி வந்தார். 1883 மே 19 அன்று, காகிதப் பாலம் என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த இடத்தில், லியூவின் ஆட்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். ரிவியேரும் இறந்தார். பின்னர் கிடைத்த அவர் உடலில் தலை இல்லை.

இப்போது 1895ஆம் ஆண்டுக் கோடையில் ஷாங்காயில் நிற்கும் ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். சீனாவின் வடகடலைக் காத்த பெய்யாங் கடற்படை அழிந்துவிட்டது. அதன் தளபதி திங் ருசாங் பிப்ரவரியிலேயே நஞ்சு அருந்தி இறந்துவிட்டார். பேரரசின் பெரிய பெரிய தளபதிகளெல்லாம் ஓடிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர் ஒருவர். கடல் கடந்து வந்த அந்நியத் தளபதியின் தலையை அவருடைய படை ஒருமுறை எடுத்திருக்கிறது, மறுமுறையும் எடுத்திருக்கிறது. மூன்றாவது தலை என்று படம் வந்தால் அவர் ஏன் நம்பக் கூடாது? எனக்கென்னவோ, அன்றைய நிலையில் நம்பாமல் இருப்பதற்குத்தான் கூடுதல் கற்பனை வேண்டியிருந்திருக்கும் என்று தோன்றுகிறது. படத்தில் இருப்பது வெறும் கனவு என்று சொல்ல முடியாது. ஹனோயில் மெய்யாகவே நடந்ததை எடுத்து, பிரெஞ்சுக்காரர் இருந்த இடத்தில் ஜப்பானியரை வைத்து, அதே தளபதியை நடுவில் நிறுத்தி மறுபடியும் செதுக்கியிருக்கிறார்கள்.

செய்தியைச் சரிபார்க்கவும் வழியில்லை. தைவானையும் சீனக்கரையையும் இணைத்த தந்திக் கம்பி 1887இல் வடதைவான் துறைமுகமான தம்சுயிலிருந்து சீனக்கரையின் ஃபூசோவுக்குக் கடலடியில் போடப்பட்டது. ஜூன் மாதத்திலேயே தம்சுய் ஜப்பானியர் கையில். தைனானிலிருந்து இன்னொரு கம்பி போன பெங்ஹூ தீவுகளோ மார்ச்சிலேயே விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு தெற்கிலிருந்து வந்த தகவல் எல்லாம் ஷியாமென் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களில், அகதிகள் வாயில் வந்தது. ஷென்பாவ் போன்ற நாளிதழே லியூவின் வெற்றி வதந்திகளைச் செய்தியாக அச்சிட்டது. பலகை செதுக்குபவன் நாளிதழைவிடக் கறாராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை?

படத்தில் இல்லாதவர்கள்

இவ்வளவு சொல்லியும் எனக்கு அந்தப் படத்தின் மீது ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. அது வேறு காரணத்துக்காக.

தைவானைப் பிடிக்க ஜப்பானுக்கு மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஆனது. அந்தத் தாமதத்துக்கு லியூ பெரிய காரணம் அல்லர். அவர் பெரும்பாலும் தைனானிலேயே இருந்தார். வடக்கிலும் நடுப்பகுதியிலும் ஊர் ஊராக நின்று தடுத்தவர்கள் ஹக்கா என்ற சீன இனக்குழுவினர் வாழ்ந்த கிராமங்களின் தன்னார்வப் படையினர். சின்சூ பகுதியைச் சேர்ந்த ஜியாங் ஷாவோசூவுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. ஜூலையில் பிடிபட்டு, தானே உயிரை மாய்த்துக்கொண்டான். வூ தாங்ஷிங் ஆகஸ்டு கடைசியில் பாகுவா குன்றுச் சண்டையில் இறந்தார். கருங்கொடிப் படையின் ஒரு பிரிவை நடத்திவந்த வூ பெங்னியனும் அதே குன்றில் இறந்தார். நான் பார்த்த தைவான் படங்களில் நடுவில் நிற்பவர் லியூதான். ஷாங்காய் வாடிக்கையாளருக்குத் தெரிந்த முகம் அவர் ஒருவர்தான், தெரியாத கிராமத்துப் பையனை நடுவில் வைத்தால் யார் வாங்குவார்கள்? கடைக்காரனின் கணக்கு புரிகிறது. புரிவதால் மனத்தாங்கல் குறையவில்லை. ஜப்பானியப் படையை உண்மையில் அதிகமாகக் கொன்றது எவருடைய வாளும் இல்லை. சண்டையில் இறந்தவர்கள் 164 பேர் என்றும், மலேரியா, காலரா போன்ற நோய்களில் இறந்தவர்கள் 4,600க்கும் மேல் என்றும் ஜப்பானியக் கணக்கு. அரசகுடும்பத்து இளவரசர் கிதாஷிராகவா யோஷிஹிசாவே அக்டோபர் 28 அன்று தைனானில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கொசுவை நடுவில் வைத்துப் படம் போட முடியாது.

லியூவின் முடிவு படத்துக்கு ஏற்றதாக இல்லை. அக்டோபரில் அவர் பணிய நிபந்தனைகள் அனுப்பினார், ஜப்பானியர் ஏற்கவில்லை. தேல்ஸ் என்ற பிரித்தானியக் கப்பலில் மாறுவேடத்தில் ஏறினார். என்ன வேடம் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை உண்டு. யயேயமா என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் துரத்திவந்து, நடுக்கடலில் தேல்ஸை நிறுத்திச் சோதித்தும் ஆள் அகப்படவில்லை. அதற்காக பிரித்தானியாவிடம் ஜப்பான் பேச்சு வாங்கியதுதான் மிச்சம். தலைவன் போன நகரத்துக்குள் கொள்ளை நடக்குமோ என்று பயந்த தைனான் வணிகர்கள், தாமஸ் பார்க்ளே என்ற பிரஸ்பிட்டேரியன் பாதிரியாரையும் அவருடைய சகாவையும் இரவோடு இரவாக ஜப்பானியத் தளபதி நோகியிடம் அனுப்பி, அமைதியாக உள்ளே வரும்படி கேட்டுக்கொண்டார்கள். அக்டோபர் 21 காலை படை உள்ளே நுழைந்தது. பார்க்ளேயையும் யாரும் படம் போட்டு விற்றிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

லியூ 1917 வரை வாழ்ந்தார். கபயாமாவும் அவரும் ஒரே 1837ஆம் ஆண்டில் பிறந்தவர்கள், இருவரும் கிழவர்களாகிப் படுக்கையில் இறந்தவர்கள். கபயாமாவுக்கு உண்மையிலேயே உயிர் போகும் தருணம் ஒன்று வந்தது, அது தைவானில் அல்ல. 1894 செப்டம்பர் 17 யாலு கடற்போரை அவர் சைக்யோ மாரு என்ற ஆயுதமேற்றிய வணிகக் கப்பலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சீன டார்பிடோப் படகு மிக அருகில் வந்து சுட்டது. அவ்வளவு அருகில் சுட்டதால் டார்பிடோ நீருக்குள் ஆழமாக இறங்கி, கப்பலின் அடியில் புகுந்து மறுபக்கம் போய்விட்டது.

இதையெல்லாம் எழுதி நண்பருக்கு மறுபடி அனுப்பினேன். அவர் அசரவில்லை. "சரி, அரசாங்கம் செய்யவில்லை, கடைக்காரன் செய்தான். அக்டோபரில் லியூ தப்பி வந்த செய்தி ஷாங்காய்க்கு வந்த பிறகும் அந்தப் பலகையில் மை பூசியிருந்தால் என்ன சொல்வாய்?" என்று கேட்டார். பூசியிருந்தால், அந்த நாளிலிருந்து எடுத்த பிரதிகள் பொய்தான் என்றேன். ஒரே பலகை, ஒரே படம், ஒரே மை, ஆனால் ஆகஸ்டில் எடுத்ததைச் செய்தி என்றும் நவம்பரில் எடுத்ததைப் பொய் என்றும் எப்படிப் பிரிப்பாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். அதனால்தான் அந்தப் படத்தின் விவரக்குறிப்பில் ஓவியர் பெயரைவிட எனக்கு அச்சிட்ட மாதம் வேண்டும் என்று பதில் எழுதியிருக்கிறேன்.